தண்ணிக்கு மூணு கிலோ

கந்தோரிலிருந்து வந்த அறிவித்தலைப்
பெரட்டுக்களத்துத் தகரத்தில் ஒட்டியது நான்தான்.
பூனாகலைக்கு மேலே, கீழ்க்கணக்கு. ஐப்பசி.
'இருபத்துநான்கு மணித்தியாலத்தில்
மழைவீழ்ச்சி நூறு மில்லிமீற்றரை விஞ்சுமிடத்து
சரிவுப் பிரதேசவாசிகள் அவதானமாயிருத்தல் வேண்டும்.'
தமிழாக்கமும் நான்தான்.
'விஞ்சுமிடத்து' என்ற சொல்லில்
எனக்கு அன்று கொஞ்சம் பெருமை.

நாலாம் நாள் பார்த்தால்
அதன் ஓரத்தில் யாரோ
சீட்டுக்காசுக் கணக்கு எழுதியிருந்தார்கள்.

மறுபடி போனேன், மழைமானியோடு.
கழுத்து வெட்டிய சோடாப் போத்தல்
என்றுதான் அதைப் பார்த்தார்கள்.
நூறு மில்லிமீற்றர் என்றால் இவ்வளவு
என்று விரலை விரித்தேன்.
"அரைச் சாண் தண்ணிக்கா மலை விழும்?"
என்றார் சவரிமுத்து.
எல்லாரும் சிரித்தார்கள்.
வேறு வழியில்லாமல் நானும்.
மண்துளை, நீரழுத்தம், செறிவுநிலை:
பையில் கொண்டுபோன சொற்கள்
பைக்குள்ளேயே ஊறிக் கனத்தன.

அந்த நேரம்தான் நிறுவை.
செவனம்மாவின் கொழுந்து தராசில் இருபது.
புத்தகத்தில் பதினேழு.
"தண்ணிக்கு மூணு கிலோ"
என்றார் கணக்கப்பிள்ளை, தலை நிமிராமல்.

"எல மேல நிக்கிற தண்ணிக்கே மூணு கிலோ கழிக்கிறீங்க.
அந்தா நிக்குதே மலை,
அது குடிச்சத யாரு நிறுத்துப் பாத்தா?"

அவள் கேட்டது அவரை.
பதில் கடன்பட்டவன் நான்.

இடுப்புப் படங்கைக் கேட்டு வாங்கித்
தரையில் விரித்தேன்.
மீற்றருக்கு மீற்றர், ஏறக்குறைய.
இதன்மேல் ஒரு மில்லிமீற்றர் பெய்தால்
ஒரு லீற்றர். ஒரு கிலோ.
நூறு பெய்தால் நூறு கிலோ, ஒரு படங்குக்கு.
இந்த மலையில் எத்தனை படங்கு விரிக்கலாம்?

சிரிப்பு இல்லை.
புஸ்பமலர் உதட்டுக்குள் வகுத்துக்கொண்டிருந்தாள்.
பதினெட்டுக் கிலோவுக்கு ஒரு பேர் என்றால்
"கிட்டத்தட்ட ஆறு பேரு.
ஆறு நாள் கொழுந்து, ஒரே நாள்ல, ஒரே முதுகுல."

சொல்லாமல் விட்டதும் உண்டு.
கானில் ஓடுவது போக மிச்சம்தான் மண்ணுக்குள் போகும்.
பாரத்தைவிட, பிடி தளர்வதுதான் பெரிய சங்கதி.
கந்தோரில் கேட்டிருந்தால்
எனக்கும் மூன்று கிலோ கழித்திருப்பார்கள்.
பிறகொரு நாள் பிடியைப் பற்றியும் சொன்னேன்,
ஈரக்கால் செருப்புக்குள் வழுக்குவதைக் காட்டி.
பாதிதான் ஏறியது.

"அப்ப நூறு வந்தா விழுமா?"
விழலாம்.
"லாமுன்னா?"

தொண்டையில் எதுவோ சிக்கியது.
அரைப்பேர் என்றேன்.
முழுப்பேர் போட என்னால் முடியாது,
யாராலும் முடியாது.
அதற்குமேல் விளக்கம் கேட்கவில்லை,
அரைப்பேரில் அடுப்பெரித்தவர்கள்.

கார்த்திகையில் ஓர் இரவு
போத்தலில் நூற்றுப் பன்னிரண்டு.
இருபத்தாறு குடும்பம்
பாடசாலை வாங்குகளில் குந்தியிருந்து விடிந்தது.
பிள்ளைகள் கரும்பலகையில் பூனை வரைந்தார்கள்.
மலை விழவில்லை.
முகம் கழுவிய ஆளைப் போல
பளிச்சென்று நின்றது காலையில்.
சவரிமுத்துவின் இரண்டு கோழிகளைக்
கீரி கொண்டுபோயிருந்தது.
அதற்கு நான்தான் பொறுப்பு என்றார்.
மறுக்க வாய் வரவில்லை.

இன்னொரு இரவு கூப்பிட்டால் வருவார்களா?
அதை அளக்க
என்னிடம் போத்தல் இல்லை.

பஸ்ஸுக்கு இறங்கும்போது
பெரட்டுக்களத்தைத் திரும்பிப் பார்த்தேன்.
அறிவித்தல் இருந்த தகரத்தில்
அடுப்புக்கரியால், யார் கையெழுத்தோ:

நேத்து மலை 112
இன்னைக்கு 9
தண்ணிக்குக் கழிக்கல